சாதியும் மொழியும் மேடையேறும்போது: நாடகம் எழுத வருபவர்களுக்கு ஓர் அறிமுகம்

கல்லூரி விழாவுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ "ஒரு விழிப்புணர்வு நாடகம் போடலாம்" என்று நாலு பேர் கூடினால், முதல் ஒத்திகையிலேயே ஒரு காட்சி வந்துவிடும். ஒருவர் மேடையின் நடுவில் நின்று கையை உயர்த்தி, சாதி ஒழிய வேண்டும், பெண்கள் படிக்க வேண்டும், தாய்மொழியைக் காக்க வேண்டும் என்று பேசுவார். கூட்டம் கைதட்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது அதில் ஒரு வரிகூட நினைவில் இருக்காது. பேசியதில் தவறொன்றும் இல்லை. ஏற்கெனவே தலையாட்டி ஒப்புக்கொண்ட விஷயத்தை இன்னொரு முறை கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நாடகத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. "நாம் யார்" என்ற கேள்வி அன்றாட வாழ்க்கையில் கருத்தாக நம் முன் வந்து நிற்பது அபூர்வம். யாரோடு எந்த மொழியில் பேசுகிறோம், யார் வீட்டில் எதுவரை போகலாம், பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறுகிறது என்பதில்தான் அது வந்துபோகிறது. இவை அத்தனையும் மேடையில் காட்டக்கூடியவை. உடல், குரல், மெட்டு, இடம், பார்க்க வந்திருக்கும் சனம். நாடகக்காரர் கையில் இருப்பது இவ்வளவே. பண்பாட்டு அடையாளத்தையும் சமூகப் பிரச்சினையையும் நாடகத்தில் ஆராய்வது என்றால், கேள்வியை இவற்றுக்குள் இறக்கிவைப்பது என்று பொருள். எப்படி இறக்குவது என்பதைச் சில நாடகங்களை வைத்துப் பார்ப்போம். அதற்கு முன் நாமே ஒரு சின்னக் காட்சியை எழுதிப் பார்ப்பது நல்லது.

வாடகைக்கு வீடு

சென்னையில் ஓர் இளம் தம்பதி வீடு பார்க்கப் போகிறார்கள். வீட்டுக்காரம்மா நல்லவர், முகம் சுளித்துப் பேசத் தெரியாதவர்.

வீட்டுக்காரம்மா: வாங்க, வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கீங்க. (உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவருகிறார்.) தம்பிக்கு எந்த ஊரு?

அவன்: திருவாரூர் பக்கம்மா.

வீட்டுக்காரம்மா: அட, எங்க அக்காவைக் கொடுத்தது திருவாரூர்லதான். டவுன்லயா?

அவன்: இல்லம்மா, கிராமம். மன்னார்குடி ரோட்டுல.

வீட்டுக்காரம்மா: சரி சரி. கிராமத்துல எந்தப் பக்கம்? கோயில் பக்கமா?

(அவன் மனைவியைப் பார்க்கிறான்.)

அவள்: ரெண்டு பேருக்கும் ஐடிலதாம்மா வேலை. ஒண்ணாம் தேதி ஆனா வாடகை வந்துடும்.

வீட்டுக்காரம்மா: அதுக்கில்லம்மா. உங்களுக்குக் குலதெய்வம் எது?

அவன்: அதெல்லாம் அப்பாவுக்குத்தாம்மா தெரியும்.

(நீட்டிக்கொண்டிருந்த கை தாழ்கிறது. டம்ளரை ஜன்னல் திட்டில் வைக்கிறார்.)

வீட்டுக்காரம்மா: எங்க வீட்டுக்காரர் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்றேன்.

சாதி என்ற சொல் இதில் ஒரே ஓர் இடத்தில்கூட இல்லை. ஆனால் பார்க்கும் யாருக்கும் நடப்பது புரியாமல் போகாது. சொல்லாமல் விட்டதைப் பார்வையாளரே நிரப்பிக்கொள்கிறார். நிரப்பும்போது, தான் எப்போதாவது இப்படிக் கேட்டிருக்கிறோமா, இப்படிக் கேட்கப்பட்டிருக்கிறோமா என்ற நினைவையும் சேர்த்தே நிரப்புகிறார். பிரசங்கம் தொட முடியாத இடம் அதுதான்.

இந்தப் பிரதியில் எழுத்து பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. மீதி ஒத்திகையில் நடக்கும். அந்தக் கை எந்த நொடியில் தாழ வேண்டும்? "கோயில் பக்கமா?" என்று கேட்கும்போதே தாழ்ந்தால், அந்த அம்மா முன்பே முடிவு செய்துவிட்டார் என்றாகும். அவனுடைய கடைசிப் பதிலுக்குப் பிறகு தாழ்ந்தால், அதுவரை அவருக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது என்றாகும். டம்ளரைக் கொடுத்தும் விடுகிறார், அவன் குடித்து முடித்தபின் அதைத் தனியாக எடுத்து வைக்கிறார் என்று நடித்தால் காட்சி இன்னும் கொடூரமாகிவிடும். மூன்றும் ஒரே வசனம். மூன்றும் வேறு வேறு நாடகம். அடையாளம் குறித்த கேள்விக்கு நடிகர் உடலால் விடை தேடுவது என்று நாடகக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

அடுத்து, அந்த அம்மாவுக்கும் ஒரு தேவையைக் கொடுங்கள். வீடு நாலு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது என்று வையுங்கள். இப்போது அவருக்கு இந்தத் தம்பதி வேண்டும். வேண்டியும் டம்ளரைத் திட்டில் வைக்கிறார். தன் நலனையே விட்டுக்கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதாக அவருக்கு எது இருக்கிறது? இந்தக் கேள்வி எழுந்துவிட்டால், நல்லவர், கெட்டவர் என்று ஆட்களைப் பிரித்து எழுதும் பழக்கத்திலிருந்து வெளியே வந்துவிடலாம்.

பழைய மெட்டில் புதுச் சரக்கு

அடுத்தது வடிவம். ஒரு விஷயத்தை எந்த வடிவத்தில் சொல்கிறோம் என்பதும் அந்த விஷயத்தின் பகுதிதான். தமிழ் நாடக வரலாற்றில் இதற்கு இரண்டு முருகன்களை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

முதலாமவர் விசுவநாததாஸ். 1886-இல் சிவகாசியில் பிறந்தவர். சவரத் தொழில் செய்யும் சமூகத்திலிருந்து வந்த நாடக நடிகர். வள்ளி திருமணம் அந்தக் காலத்தில் ஊர் ஊராக நடந்த நாடகம். கதை எல்லோருக்கும் மனப்பாடம். தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டம் வரும்போது, வெள்ளைக் கொக்கு பறக்கிறது என்று ஒரு பாட்டு வரும். எந்த வெள்ளையைச் சொல்கிறார்கள் என்பது கேட்பவருக்குத் தெரியும், பந்தலோரம் நிற்கும் போலீசுக்கும் தெரியும். பலமுறை கைதானார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில், மயிலாசனத்தில் அமர்ந்தபடியே உயிர் பிரிந்தது. ஒரு பக்திக் கதையின் பழகிய சந்துக்குள் அரசியலை நுழைத்தவர்களில் அவர் முன்னோடி. சனத்துக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்றின் வழியாகப் போனதால்தான் அந்தப் பாட்டு அவ்வளவு தூரம் போனது.

இரண்டாவது முருகன் யாழ்ப்பாணத்தில் வந்தவர். 1968-இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலில் நுழைய ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போராடினார்கள், கதவு அடைக்கப்பட்டது. முந்திய சில ஆண்டுகளாகவே தீண்டாமைக்கு எதிரான போராட்டம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் பிறந்தது கந்தன் கருணை. (1967-இல் வந்த சினிமாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) என். கே. ரகுநாதன் எழுதிய பிரதியை, அம்பலத்தாடிகள் என்ற குழு இளைய பத்மநாதனின் முயற்சியில் கூத்தாக்கியது. தன் கோயிலுக்குள் தன் பக்தர்களே போக முடியவில்லை என்பதை அறிந்து கந்தன் என்ன செய்கிறான் என்பதே கதையின் மையம்.

இங்கே நான் நின்று பார்க்க விரும்புவது அவர்கள் எடுத்துக்கொண்ட மெட்டு. காத்தவராயன் கூத்தின் மெட்டு அது. காத்தவராயன் கதை யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அம்மன் கோயில்களில் விடிய விடிய ஆடப்படுவது. மாரியம்மனின் மகன் காத்தவராயன் பிராமணப் பெண்ணான ஆரியமாலையை விரும்புகிறான். அதற்காகக் கழுமரம் வரை போகிறான். சாதி மீறிய காதலுக்குத் தண்டனை வாங்கியவனின் மெட்டு, தெருவில் நடக்கும் கோயில் நுழைவுப் போராட்டத்தின் கதையைச் சுமக்கிறது. உடுக்கு ஒலித்ததும் கேட்பவரின் உடம்பு அந்தத் தாளத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. மூளை "இது அரசியல் நாடகம்" என்று உஷாராவதற்கு முன்பே ஆள் உள்ளே வந்துவிடுகிறார். இதையே மேல்நாட்டுப் பாணியில் நாலு சுவர் வீட்டு நாடகமாக எழுதியிருந்தால் படித்தவர்கள் பாராட்டியிருப்பார்கள். கோயில் வாசலில் நின்றவர்கள் தங்கள் கதை என்று எடுத்துக்கொண்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

கூத்து என்ற வடிவமே அடையாளக் கேள்வியாக மாறியதும் இலங்கையில்தான். 1956, சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு. அதே ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சரச்சந்திர, மனமே என்ற சிங்கள நாடகத்தை அரங்கேற்றினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட ‘நாடகம’ (nadagama) என்ற சிங்கள நாட்டார் வடிவத்துக்குத் தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவு உண்டு. அங்கேயே தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், கிராமத்தோடு நின்றிருந்த மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றத் தொடங்கினார். 1962-இல் கர்ணன் போர், 1964-இல் இராவணேசன். வட்டக்களரியில், அதாவது ஊர் சுற்றி உட்கார்ந்து பார்க்கும் வட்டமான ஆடுகளத்தில், இரவு முழுக்க ஆடப்பட்டது, மின்விளக்கு மேடையில் சில மணி நேரமாகச் சுருங்கியது. படித்த தமிழர்கள் அதைப் பார்த்து "இது நம்முடையது" என்றார்கள்.

அதில் ஒரு நெருடலும் இருந்தது. களரியைச் சுற்றி நாலு பக்கமும் இருந்து பார்த்த ஊர் இப்போது எங்கே? கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் இடம் என்ன? பழைய பிரதியில் பெண்ணைப் பற்றியும் சாதியைப் பற்றியும் இருக்கும் வரிகளை அப்படியே பாடலாமா? பின்னாளில் மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊர்க் கூத்தர்களோடு செய்த கூத்து மீளுருவாக்கம் இந்தக் கேள்விகளிலிருந்து எழுந்தது. களரியை விட்டு நகராமல், ஊர்க்காரர்களே உட்கார்ந்து விவாதித்து, பிரதியைத் திருத்தி ஆடும் முயற்சி அது. வித்தியானந்தன் செய்ததும் வேண்டியிருந்தது, இதுவும் வேண்டியிருக்கிறது என்பது என் கருத்து. மரபு என்று ஒன்றைக் கையில் எடுப்பவர், அது யார் கையிலிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தாக வேண்டும்.

இந்தப் பக்கம் தமிழ்நாட்டில், 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து எழுந்த உந்துதலில் பிறந்ததுதான். தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்குக் கதையை நடத்திக்கொண்டே கேலியும் பேசும் கட்டியங்காரனைத் தெரியும். திரௌபதி கதறும்போதும் அவன் குறுக்கே வந்து, உள்ளூர் ரேஷன் கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். காலத்தைத் தாண்டிப் பேசும் உரிமையை மரபே ஒரு பாத்திரத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. புதிதாக எழுதுபவர் இதைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது.

அவ்வை ஏன் கிழவி?

யார் எந்த வேடத்தில் வருகிறார் என்பதும் ஒரு வாதம். அவ்வை என்றதும் நம் கண்முன் வருவது கோலூன்றிய, நரைத்த, திருநீறு பூசிய பாட்டி. பாடப்புத்தகமும் சினிமாவும் சேர்ந்து உருவாக்கிய உருவம் அது. புறநானூற்றைத் திறந்தால் வேறு ஒருத்தி நிற்கிறாள். அதியமானோடு கள் குடிப்பதைப் பாடுகிறாள். தொண்டைமானிடம் தூது போய், அவனுடைய படைக்கருவிகள் நெய் பூசி, மயிற்பீலி சூடி அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல இகழ்கிறாள் (புறம் 95). பல அவ்வைகள் இருந்திருக்கிறார்கள் என்பதை அறிஞர்கள் ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் பொதுப் புத்தியில் கிழவி மட்டுமே நிலைத்தாள்.

கவிஞர் இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய அவ்வை என்ற நாடகம் அந்தச் சங்க கால அவ்வையை, ஊர் ஊராகப் போய்ப் பாடி ஆடும் பாணர் மரபுப் பெண்ணாக, இளமையோடு மேடையில் நிறுத்தியது. ஓர் இளம் நடிகை ஆடிக்கொண்டே வந்து தன்னை அவ்வை என்று சொல்லும் கணத்தில் பார்வையாளருக்குள் ஒன்று இடறும். "அவ்வை இப்படியா இருப்பாள்?" என்று தோன்றும். அந்த இடறலுக்காகத்தான் நாடகமே. அறிவுள்ள பெண்ணை ஏற்றுக்கொள்ள அவள் முதுமை அடைந்திருக்க வேண்டும் என்று நாம் ஏன் நினைத்தோம்? கட்டுரை எழுதி இதைச் சொல்லலாம், பலர் சொல்லியும் இருக்கிறார்கள். உடலை முன்னால் நிறுத்திவிட்டால் விளக்கமே தேவைப்படாது.

இங்கிருந்து நடிகர் தேர்வுக்கு வரலாம். திருநங்கையின் கதையில் திருநங்கையே நடிக்க வேண்டுமா, தலித் பாத்திரத்தை யார் நடிக்கலாம் என்ற விவாதங்கள் இன்று சூடாக நடக்கின்றன. எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி ஒன்றை என்னால் சொல்ல முடியாது. ஆனால் மேடையில் வேடம் கிடைப்பதும் ஒரு பிழைப்பு, ஓர் அங்கீகாரம். பல காலமாகக் கேலி வேடத்தில் மட்டுமே காட்டப்பட்டவர்களின் கதையை எடுத்து, அதிலும் அவர்களை வெளியே நிறுத்திவிட்டு, விடுதலையைப் பற்றி நாடகம் போடுவதில் நியாயம் இல்லை. இது என் உறுதியான எண்ணம்.

அம்மா பேசும் மொழி

மொழியை வைத்து அடையாளத்தை ஆராய்ந்த நாடகங்களில் எனக்கு மிகவும் நெருக்கமானது ஒரு சிங்கப்பூர் நாடகம். குவோ பாவ் குன் 1988-இல் மேடையேற்றியது. பூனையைத் தேடும் ஓர் அம்மாவின் கதை. குவோவே நாடகத்துக்காகவும் கருத்துக்காகவும் விலை கொடுத்தவர்: 1976-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதாகி 1980 வரை சிறையில் இருந்தார், பறிக்கப்பட்ட குடியுரிமை 1992-இல்தான் திரும்பக் கிடைத்தது.

பின்னணி இது. சிங்கப்பூர்ச் சீனர்களின் வீட்டு மொழி ஒன்றல்ல. ஹொக்கியன், தியோசூ, கண்டனீஸ் என்று பல. 1979-இல் அரசு மாண்டரின் பேசுங்கள் இயக்கத்தைத் தொடங்கியது. 1987-க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி என்றானது. பேரப்பிள்ளைகள் ஆங்கிலமும் மாண்டரினும் பேச, பாட்டிமார்களின் மொழி வீட்டுக்குள்ளேயே அந்நியமானது.

நாடகத்தின் அம்மா பேசுவது ஹொக்கியன். பிள்ளைகளுக்கு அவளோடு பேச மொழி இல்லை. அவளுக்குத் துணை பூனை. அது தொலைந்துபோக, தேடிக் கிளம்புகிறாள். வழியில் ஒரு முதியவரைச் சந்திக்கிறாள். அவரும் தன் பூனையைத் தேடி வந்தவர். அவர் பேசுவது தமிழ். அவளுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு ஹொக்கியன் தெரியாது. கையாலும் முகத்தாலும் பூனைபோலக் கத்தியும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். பூனை எப்படி இருக்கும், என்ன செய்யும் என்றெல்லாம் விளங்கிவிடுகிறது. பெற்ற பிள்ளையோடு வாய்க்காத உரையாடல், வேற்றினத்து மனிதரோடு வாய்க்கிறது.

மாண்டரின், ஆங்கிலம், மலாய், தமிழ், சீன வட்டார மொழிகள் என்று பல மொழிகள் ஒரே நாடகத்தில் வருகின்றன. அத்தனை வசனமும் புரியும் பார்வையாளர் அரிதாகவே இருந்திருப்பார். ஏதோ ஒரு கட்டத்தில் ஒவ்வொருவரும் "எனக்குப் புரியவில்லையே" என்று தவிக்கிறார். அந்தத் தவிப்பே அம்மாவின் நிலை. மொழிக் கொள்கையைப் பற்றி ஒரு வரிகூடத் தர்க்கம் செய்யாமல், அதன் விளைவைப் பார்வையாளரின் காதுக்குள் வைத்துவிட்டார் குவோ.

பிரதி உருவான விதமும் தொடங்குபவர்களுக்குப் பாடம். குவோ தனியே உட்கார்ந்து எழுதி முடித்துக் கையில் கொடுத்தது அல்ல அது. பல மொழி நடிகர்கள் சேர்ந்து, தங்கள் வீடுகளின் அனுபவத்தை வைத்து ஒத்திகையில் ஆடிப் பார்த்து உருவாக்கியது. உங்கள் குழுவில் தெலுங்கு, உருது, சௌராஷ்டிரம் வீட்டில் பேசுபவர்கள் இருப்பார்கள். வெளியே தமிழில் பேசிவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் மொழி மாறுபவர்கள். அவர்களிடம், தொலைபேசியில் அம்மா அழைக்கும்போது பக்கத்தில் நண்பர்கள் இருந்தால் எந்த மொழியில் பேசுவீர்கள் என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் போதுமான காட்சிகள் கிடைக்கும். ஈழத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம், பிள்ளைகள் வெளிநாடு போய்விட வீட்டில் தனித்துவிடப்பட்ட பெற்றோரை எந்தையும் தாயும் நாடகத்தில் எழுதினார். யாழ்ப்பாணத்தில் நாடகம் பார்த்தவர்களில் பாதிப் பேர் அதே வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொன்னால் மிகையாகாது.

பார்வையாளர் எழுந்து வந்தால்

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. காசு கொடுத்து அரங்குக்கு வருபவர் ஒரு ரகம். பேருந்து நிலையத்தில் நின்று பார்ப்பவர் இன்னொரு ரகம். வங்கத்தின் பாதல் சர்க்கார் 1980-இல் சென்னையில் நடத்திய பயிலரங்குக்குப் பிறகு, மேடையும் ஒளியமைப்பும் இல்லாமல் உடலை மட்டும் நம்பும் நாடகம் இங்கே பலரை ஈர்த்தது. பிரளயனின் சென்னைக் கலைக்குழு வீதிக்கு இறங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான். வீதிக்கு ஆபத்தும் உண்டு. 1989 ஜனவரி 1 அன்று தில்லிக்கு அருகே சாஹிபாபாத்தில் தொழிலாளர்களுக்கு நாடகம் போட்டுக்கொண்டிருந்த சப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அவர் மனைவி மலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், நின்ற நாடகத்தை நடத்தி முடித்தார்கள்.

பார்வையாளரையே நாடகத்துக்குள் கொண்டுவந்தவர் பிரேசிலின் அகஸ்தோ போவால். 1973-இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தார். ஊர்ப் பிரச்சினையை ஒரு கட்டம் வரை நடித்துவிட்டு நிறுத்துவார்கள். இனி என்ன செய்யலாம் என்று சனம் சொல்ல, நடிகர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். ஒரு நாள் ஒரு பெண் தன் கதையைச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கணவன் வீடு கட்டுவதற்கான ரசீதுகள் என்று சொல்லிக் கொடுத்த காகிதங்களைப் பத்திரமாகக் கட்டி வைத்திருந்தாள். படிக்கத் தெரிந்த ஒருத்தியிடம் காட்டியபோதுதான் அவை அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள் என்று தெரிந்தது.

கணவன் வீடு திரும்பியதும் மனைவி என்ன செய்ய வேண்டும்? பலரும் பல யோசனை சொன்னார்கள். கூட்டத்தில் இருந்த ஒரு பருத்த பெண்மணி, "அவனிடம் தெளிவாகப் பேச வேண்டும், பிறகு மன்னித்துவிடலாம்" என்றார். நடித்துக் காட்டினார்கள். "இது இல்லை" என்றார். இன்னும் தெளிவாகப் பேசி நடித்தார்கள். அதுவும் இல்லை என்றார். பொறுமையிழந்த போவால், "நீங்களே மேடைக்கு வந்து காட்டுங்கள்" என்றார். வந்தவர் விளக்குமாற்றை எடுத்து, கணவனாக நடித்தவரை விளாசித் தள்ளிவிட்டு, இனிமேல் மன்னிக்கலாம் என்று உட்கார்ந்து, போய்ச் சாப்பாடு எடுத்து வா என்று அவனிடம் சொன்னார். அவர் சொன்ன "தெளிவான பேச்சு" அதுதான்.

நடிகருக்கும் எழுத்தாளருக்கும் புரியாதது, அந்த வாழ்க்கையை வாழ்ந்தவரின் உடலில் இருந்தது. பார்வையாளரே மேடையேறி நடித்துக் காட்டும், மன்ற அரங்கு (Forum Theatre) என்று இன்று நாம் சொல்லும் முறை அங்கிருந்து வளர்ந்தது. மேற்கு வங்கத்தில் ஜன சம்ஸ்கிருதி குழு 1985 முதல் கிராமங்களில் இதைப் பெரிய அளவில் செய்துவருகிறது. நம் வாடகை வீட்டுக் காட்சியையே இப்படிச் செய்து பார்க்கலாம். குலதெய்வம் கேட்கப்படும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த மனைவியின் இடத்தில் பார்வையாளர் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். சிலர் பொய் சொல்வார்கள், சிலர் திருப்பிக் கேட்பார்கள், சிலர் எழுந்து போய்விடுவார்கள். போலீசில் சொல்வேன் என்று ஆவேசமாகத் தொடங்குபவர், எதிரில் இருக்கும் அம்மா அன்பாகவே பேசிக்கொண்டிருப்பதால் குரல் தணிந்து தடுமாறுவதையும் பார்ப்பீர்கள். எதிர்ப்பது ஏன் கடினம் என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கும்.

தொடங்குபவருக்குச் சில வார்த்தைகள்

அரசும் நாடகத்தைக் கண்டு அஞ்சியே வந்திருக்கிறது. 1876-இல் ஆங்கிலேயர் நாடகங்களைத் தணிக்கை செய்யச் சட்டம் போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தை ஒட்டி எழுந்த சர்ச்சையில் சென்னை மாகாணம் 1954-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. பொது இடத்தில் ஆடுவதற்கு உள்ளூர் அனுமதி வேண்டுமா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எழுதத் தொடங்கும்போது பெரிய தலைப்பை எடுக்காதீர்கள். "பெண் விடுதலை" என்ற தலைப்பில் நாடகம் எழுத வராது. கல்யாண வீட்டில் விதவை அக்காவை ஆரத்தி எடுக்க யாரோ கூப்பிட்டுவிட்டார்கள், அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதில் வரும். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேறு விஷயங்கள் வேண்டும். நடுவில் ஒரு பொருள் இருக்க வேண்டும்: தட்டு, சாவி, ஒரு கடிதம். பிரச்சினையின் பெயரைப் பாத்திரங்கள் வாயால் சொல்லக் கூடாது என்று முதல் பிரதிக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கட்டுப்பாடு பாதிப் பிரசங்கத்தை வெட்டிவிடும்.

வட்டார வழக்கில் எழுதும்போது காதால் எழுதுங்கள். நாகர்கோவில்காரரின் பேச்சைக் கோவைக்காரர் எழுதினால் கேலியாகிவிடும் ஆபத்து உண்டு. சினிமா அப்படி எத்தனையோ முறை செய்திருக்கிறது. தெரிந்தவரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொள்வதில் குறைவு ஒன்றும் இல்லை.

பிறர் துயரத்தை எடுத்து எழுதினால், அது உண்மைச் சம்பவம் என்றால், சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்று நினைக்கிறோம். ஊருக்குள் யாருக்கும் தெரியாமல் போகாது. வன்கொடுமையை மேடையில் அப்படியே நடித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை வரும்போது, பார்வையாளர் வரிசையில் அதை அனுபவித்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு எழுதுங்கள். பெரும்பாலும் உண்மையிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஒத்திகை ஓரளவு முடிந்ததும், ஒப்பனையும் ஒளியும் சேர்வதற்கு முன்பே, யாரைப் பற்றிய நாடகமோ அவர்களில் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு ஆடிக் காட்டுங்கள். முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்தில் இப்படி நடக்காது என்று தோன்றியது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடங்களைப் பேனாவால் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் ஒத்திகையை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.